பதினொன்றாம் எண் கிடங்கு

எல்லோராலும் ‘பென்சில்’ என்று அழைக்கப்பட்ட அணைக் காவலர் 1951ஆம் ஆண்டு பிறந்து 2017ஆம் ஆண்டு இறந்தார். ஐம்பத்தெட்டு வயது வரை ஒரே அணையில், ஒரே பதவியில், உயர்வும் தண்டனையும் இன்றிப் பணியாற்றினார். வெளியில் எதைக் கண்டாலும் அதை முதலில் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுவார். மாலையில் அலுவலக அறைக்கு வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மையால் பதிவேட்டில் ஏற்றுவார். காதிடுக்கில் ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். முடிவெட்ட உட்காரும்போதும் அதை எடுக்க மறந்து, முடிதிருத்துபவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மனைவி மணமான மூன்றாம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று இருந்தது ஒரு தங்கை மட்டுமே.

அது மண்ணால் கட்டிய அணை. பதினான்கு மீட்டர் உயரம். காலை ஆறு மணிக்கு அவர் நீர்மட்டக் கம்பத்தைப் பார்த்து எழுதுவார். பிறகு கரையின் பின்புறச் சரிவில் எழுபத்தொரு படிகள் இறங்கி, அடிவாரத்தில் கசிவு நீர் வந்து சேரும் வடிகாலில் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து நீர் பிடிப்பார். மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். கசிவது தெளிந்த நீராக இருக்கும் வரை கவலையில்லை. கலங்கி வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் கரைந்து போகிறது என்று பொருள். குவளையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, ‘தெளிவு’ என்று எழுதுவார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாள்களிலும் அவர் அந்தச் சொல்லையே எழுதினார்.

அணைகளுக்கு ஆபத்து நிலை என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அணை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கும் அந்த நிலைக்கும் தொடர்பே இல்லை. உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்பதே கேள்வி. வயலும் கொட்டகையும் மட்டும் போகுமென்றால் தாழ்வு. சாலை, பாலம், ஆலை என்று பகலில் ஆள் வந்து போகும் இடங்கள் இருந்தால் நடுத்தரம். ஒரே ஒருவர் படுத்து உறங்கும் வீடு இருந்தாலும் உயர்வு. ஓட்டைப் பானை போன்ற அணைக்குக் கீழே எவரும் இல்லையெனில் அது தாழ்வு. பாறை போன்ற அணைக்குக் கீழே ஒரு குழந்தை உறங்கினால் அது உயர்வு.

நம் காவலரின் அணை நடுத்தரம். உயர்வு என்று ஆகிவிட்டால் வெள்ளம் வழியும் கலிங்கை அகலப்படுத்தியாக வேண்டும். அது முடியும் வரை நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் தாழ்த்தி வைக்க வேண்டும். கீழே வெள்ளத் தடத்தில் குடியிருப்போர் காலி செய்ய வேண்டும். கலிங்கை அகலப்படுத்த அலுவலகத்துக்கு மனமில்லை. நீரைத் தாழ்த்தப் பாசனக்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே நடுத்தரம் என்பது அனைவருக்கும் வசதியாக இருந்தது.

அந்த நிலை மாறியிருக்கிறதா என்று அறிய, ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி மாதத்தின் கடைசி வேலை நாளில், காவலர் ஓடையோரமாக ஆறு கிலோமீட்டர் நடந்து ஒவ்வொரு கட்டடத்தையும் பார்ப்பார். ஆள்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்பதால் விதி எளிமையாக இருந்தது: படுக்கையை எண்ண வேண்டும். கட்டில், பாய், தொட்டில் எது இருந்தாலும் அது குடியிருப்பு. ஒன்றும் இல்லையென்றால் ஆலையா, பட்டறையா, கிடங்கா என்று எழுத வேண்டும்.

1996இல் தங்கையின் கணவர், ஒரு லாரி மெக்கானிக், அணையிலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர் கீழே, ஓடை வளையும் இடத்தில், இரண்டு அறைகளும் சிமெண்டுக் கூரையுமாக ஒரு வீடு கட்டினார். மைத்துனரை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்வார் என்பது தெரிந்ததால் கேட்கவில்லை. மறு ஆண்டு, வழக்கத்துக்கு ஒரு நாள் முன்பாக, பிப்ரவரி 27ஆம் தேதி காவலர் அங்கே சென்று, தங்கை கொடுத்த தேநீரைக் குடித்து, வீட்டைப் புகழ்ந்துவிட்டு, குறிப்பேட்டில் எழுதினார்: “எண் 11. படுக்கை 4.”

அன்று மாலை, மையால் ஏற்றும் முன்பே, தங்கையும் கணவரும் அவருடைய அரசுக் குடியிருப்புக்கு வந்துவிட்டார்கள். நடந்த பேச்சை மெக்கானிக் பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல் மாறாமல் சொல்வார்.

“அண்ணா, அந்தக் கட்டிலை எழுதிட்டா நாங்க எங்கே போறது?” என்றார் தங்கை.

காவலர் விதியைச் சொன்னார். மெக்கானிக் குறுக்கிட்டார்.

“மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க அணை உடையப் போகுதா?”

“உடையாது.”

“உடையாத அணைக்கு எங்க வீட்டை ஏன் உடைக்கிறீங்க?”

தங்கை அழவில்லை, அழுதிருந்தால் ஒருவேளை அவர் உறுதியாக இருந்திருப்பார். தங்கை மூலையில் கிடந்த அண்ணனின் சட்டையை எடுத்து, அறுந்திருந்த பொத்தானைத் தைக்க ஆரம்பித்தார். பொத்தான் தைத்து முடிகிற வரை காவலர் யோசித்தார்.

“பொய் எழுத மாட்டேன்” என்றார். “நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடியும் வருவேன். வரும்போது கட்டில் கண்ணுல படக் கூடாது.”

சொன்னபடியே மறுநாள் வெயிலில் திரும்ப நடந்தார். கட்டில்களும் பாய்களும் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போயிருந்தன. அறையில் துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. முந்தைய நாள் எழுதியதை ரப்பரால் அழித்து, தூசியை ஊதிவிட்டு, “எண் 11. துணிக் கிடங்கு. படுக்கை இல்லை” என்று எழுதினார். மாலையில் மையால் ஏற்றினார். தாம் கண்ணால் காணாத எதையும் எழுதவில்லை என்ற நிம்மதியுடன் அன்று உறங்கினார். அணை நடுத்தரமாகவே நீடித்தது. பதிவேட்டைப் பார்த்த உதவிப் பொறியாளர், “நல்லாப் பார்த்து எழுதியிருக்கீங்க” என்றார். அந்த வீட்டுக்குக் காவலருடன் போய் அவரே இரண்டு முறை தேநீர் குடித்தவர்.

அடுத்த ஆண்டு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாள் எல்லோருக்கும் தெரியும். காவலர் வருவதற்குள் வீடு கிடங்காகிவிடும். மெக்கானிக் வாசலில் நின்று வரவேற்பார்: “வாங்க மச்சான். கிடங்கு பாருங்க, உக்காரச் சொல்ல நாற்காலி இல்லை.” காவலர் நின்றபடியே தேநீர் குடித்துவிட்டு, “மேற்படி” என்று எழுதுவார். சென்ற ஆண்டு உள்ளதே இந்த ஆண்டும் என்றால் பதிவேட்டில் அப்படி எழுதுவதுதான் முறை. 2001இல் தங்கை மூன்று தையல் இயந்திரங்கள் வாங்கிப் பகலெல்லாம் தைக்கத் தொடங்கினார். இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்பதால், அந்த நாளில் மட்டும் அவற்றின் மேல் துணியைப் போர்த்திவைப்பார். காவலர் போர்வைக்குக் கீழே தெரிந்த மிதிபலகைகளைப் பார்த்தார். படுக்கை அல்ல. “மேற்படி.”

தங்கையின் மகளுக்கு வெளியூரில் வேலை. அவளுடைய பெண் குழந்தை பாட்டியிடம் வளர்ந்தது. குழந்தைக்கு அது ஆண்டுக்கு ஒரு நாள் வரும் விளையாட்டு. 2006ஆம் ஆண்டு அவளுக்கு ஐந்து வயது. மூட்டைகளுக்கு இடையே ஒளிந்துகொண்டு, காவலர் எழுதும்போது சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தாள்.

“பென்சில் தாத்தா, என்னை எழுதினியா?”

“இன்னைக்கு நீ இங்கே இல்லை, கண்ணு.”

“நாளைக்கு?”

“நாளைக்கு இருப்பே.”

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். காவலரும் சிரித்தார். பிறகு ஓடையோரமாகப் பன்னிரண்டாம் எண்ணை நோக்கி நடந்தார்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, நடுத்தர நிலை அணைகளுக்கும் எச்சரிக்கைப் பட்டியல் வேண்டும் என்று ஆணை வந்திருந்தது. அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் மைப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியலைத் தயாரித்தார். மர அறுவை ஆலை, மாவு ஆலை, செங்கல் சூளை, நாற்றுப் பண்ணை என்று ஆள் இருக்கும் கட்டடங்கள் பதினான்கு. கிடங்குகளைச் சேர்க்கவில்லை, மூட்டைக்கு எச்சரிக்கை எதற்கு? சரிபார்க்கப் பட்டியல் காவலரிடம் வந்தது. அவர் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்து, தவறாக இருந்த இரண்டு தொலைபேசி எண்களைத் திருத்தி, கையெழுத்திட்டு அனுப்பினார். பத்துக்குப் பிறகு பன்னிரண்டு வந்தது. பதிவேட்டில் கிடங்கு என்றிருப்பது பட்டியலில் வராது என்பது அவருக்குச் சரியாகவே பட்டது.

2006 அக்டோபர் 18, புதன்கிழமை. நான்கு நாள் மழை. கலிங்கில் நீர் இடுப்பளவு வழிந்துகொண்டிருந்தது. பிற்பகல் ஒன்று நாற்பதுக்குக் காவலர் அடிவாரத்துக்கு இறங்கிக் குவளையில் நீர் பிடித்தார். தேநீர் நிறத்தில் இருந்தது. குறிப்பேட்டில் ‘கலங்கல்’ என்று எழுதி நேரத்தையும் எழுதினார். எழுபத்தொரு படிகளையும் ஏறி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். மதகைத் திறந்து நீரை வெளியேற்றும் திருகை விட்டு அவர் நகரக் கூடாது என்பது விதி, நகரவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் இரண்டே காலுக்குப் பட்டியலுடன் புறப்பட்டது.

எச்சரிக்கை எந்தக் குறையும் இன்றி நடந்தது. செங்கல் சூளையில் முப்பது பேர். கடைசி ஆள் வரை மேட்டுக்கு ஏறினார்கள். மாவு ஆலைக்காரர் தம் நாயையும் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஜீப் ஓட்டுநர் பட்டியலின் கடைக்கோடியிலிருந்து காவலரை அழைத்தார்.

“முடிஞ்சது சார். பதினாலும் காலி.”

“பதினொண்ணு?”

“அது கிடங்குதானே சார். துணி நனைஞ்சா நனையுது.”

ஒரு மணி நேரமாகக் காவலர் திருகைச் சுற்றியபடி, தங்கையும் குழந்தையும் மேட்டில் நனைந்துகொண்டு நிற்பார்களே, சளி பிடிக்குமே என்று எண்ணிக்கொண்டிருந்தார். தாமே எழுதியது அதுவரை அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

“அங்கே என் தங்கச்சி இருக்கா” என்றார்.

“உங்க தங்கச்சியா? அப்புறம் ஏன் சார் கிடங்குன்னு எழுதினீங்க?” என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். அங்கிருந்து பதினொன்றாம் எண்ணுக்கு மூன்றரை கிலோமீட்டர், நான்கு நாள் மழையில் சேறான பாதை. தங்கை வீட்டில் தொலைபேசி இல்லாததால் காவலர் பட்டறைக்கும் அழைத்தார். மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்ததால், வேறொருவர் எடுத்து, “வரச் சொல்றேன்” என்றார்.

மூன்று ஐந்துக்கு, ஜீப் பாதி வழிகூட வராத நிலையில், கரை நடுவில் சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை என்று காவலர் பின்னர் வாக்குமூலத்தில் சொன்னார். அவர் நின்ற மதகிலிருந்து நேராகப் பார்த்தால் ஓடை வளைவில் சிமெண்டுக் கூரை தெரியும். வடிகால் கலங்கிய நேரத்தை எழுதியது போலவே, கூரை மறைந்த நேரத்தையும் அவர் எழுதினார்: 3.11. அந்த மழையில், தையல் இயந்திரத்தின் இரைச்சலில், நானூறு மீட்டர் தள்ளிச் சாலையில் போன ஒலிபெருக்கி தங்கைக்குக் கேட்டிருக்காது. அவரது உடல் மறுநாள் கிடைத்தது. குழந்தையின் உடல் ஐந்தாம் நாள். குழந்தையின் தாய் வெளியூரிலிருந்து வந்து, அடக்கம் முடிந்த அன்றே திரும்பிப் போனாள்.

அறிக்கை இரண்டே மாதத்தில் வெளிவந்தது. எச்சரிக்கைப் பட்டியலில் இருந்த பதினான்கு கட்டடங்களிலும் உயிர்ச்சேதம் இல்லை என்று அது பெருமைப்பட்டது. ஓடையில் கிடைத்த இரு உடல்களைப் பற்றி ஒரே வரி: “அவ்வழியே சென்ற இருவர்.” அணையின் கீழ்ப்புறம் குடியிருப்பு எதுவும் இல்லாததால் நடுத்தர நிலை சரியானதே, ஆகவே கலிங்கை அகலப்படுத்தாதது தவறாகாது என்று முடித்திருந்தார்கள்.

வீடிழந்த மெக்கானிக் காவலரின் குடியிருப்புக்கே வந்து தங்கியிருந்தார். போக வேறு இடம் இல்லை. அறிக்கையை வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“அவளை வழியில போனவள்னு எழுதியிருக்கான். பத்து வருஷம் அந்த வீட்டுல இருந்தா. இருந்தான்னு நீங்க சொல்லணும். உங்க ஒருத்தர் எழுத்தைத்தான் அவன் நம்புவான்.”

காவலர் வேலை போகும் என்று தெரிந்தே மனு எழுதினார். விசாரணை அதிகாரி 2007 ஆகஸ்டு மாதம் இருவரையும் அழைத்தார். வெளியூரிலிருந்து வந்தவர், பண்பானவர். இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். காவலர் எழுந்து நின்றே பேசினார். பதினொன்றாம் எண் வீடுதான், தம் தங்கை அங்கே வாழ்ந்தார், எழுதியது தம் தவறு என்றார். அதிகாரி பத்து ஆண்டுப் பதிவேட்டையும் புரட்டினார்.

“1997 பிப்ரவரி 28. அன்னைக்கு நீங்க உள்ளே போய்ப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் ஐயா.”

“படுக்கை இருந்ததா?”

“இல்லை.”

“98?”

“இல்லை.”

ஆண்டுதோறும் கேட்டார். ஆண்டுதோறும் காவலர் இல்லை என்றார். அவரால் வேறு சொல்ல முடியவில்லை. அவர் கண்டது அதுதான்.

“அப்போ நீங்க எழுதினது சரிதானே?” என்றார் அதிகாரி. “இருக்கறதை இல்லைன்னு எழுதியிருந்தா நான் திருத்தலாம். இல்லாததை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இதுல நான் எதைத் திருத்தறது?”

காவலர் தம் பழைய குறிப்பேட்டை நீட்டினார். முதலாம் ஆண்டு, ‘படுக்கை 4’ என்று எழுதி அழித்த பக்கம். அதிகாரி ஜன்னலருகே எடுத்துச் சென்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தாளில் அழுத்தம் தெரிந்தது, எண் தெரியவில்லை. காவலர் நன்றாகவே அழித்திருந்தார். “பென்சில் கணக்குல வராதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, ஆறுதலாகத்தான், ஒன்று சொன்னார்.

“2001லேருந்து அங்கே தையல் நடந்ததுன்னு சொல்றீங்க. தையற்கூடம்னு ஒரு வார்த்தை போட்டிருந்தாலே போதுமே. நிலையும் மாறியிருக்காது. பட்டியல்லயும் வந்திருக்கும். ஜீப் முதல்லயே அங்கே போயிருக்கும்.”

மெக்கானிக் தலையைத் திருப்பி மைத்துனரைப் பார்த்தார். தையற்கூடம் என்று எழுதியிருந்தால் கட்டிலையும் பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான், தேநீரும் நின்றபடி குடிக்க வேண்டியதுதான், எல்லாம் அப்படியே நடந்திருக்கும். இருவரும் உயிரோடு இருந்திருப்பார்கள். ‘மேற்படி’ என்று எழுதக் கை பழகிவிட்டது. அவ்வளவுதான்.

மனு தள்ளுபடியானது. கரையைத் திரும்பக் கட்டினார்கள். வெள்ளத்துக்குப் பின் சூளைக்காரரும் ஆலைக்காரர்களும் இடம் மாறிவிட்டதால், கீழே வயல்கள் மட்டுமே எஞ்சின. அணையின் ஆபத்து நிலை நடுத்தரத்திலிருந்து தாழ்வு ஆனது. அதற்கான கடைசிக் கணக்கையும் காவலரே நடந்து எடுத்தார். 2009இல் ஓய்வு பெற்றபோது சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள்: “பதிவேடுகளைப் பிழையின்றிப் பராமரித்தவர்.” மெக்கானிக் அதை வாங்கி, காவலர் படுத்தால் கண்ணுக்கு நேரே தெரியும்படி சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

குடியிருப்பைக் காலி செய்தபின் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். மெக்கானிக் சமைப்பார், காவலர் பாத்திரம் கழுவுவார். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் மருந்து வாங்கி வருவார். பார்த்தவர்கள் இப்படி ஒரு மச்சான் மாப்பிள்ளையா என்று மெச்சினார்கள். ஆனால் அணைக் குடியிருப்பில் இருந்தபோதே, 2008 தொடங்கி, ஆண்டுக்கு ஒரு நாள், பிப்ரவரியின் கடைசி வேலை நாளில், காலை பத்து மணிக்கு, மெக்கானிக் காவலரின் கட்டிலையும் பாயையும் தெருவில் தூக்கிப் போடுவார். தம்முடையதைத் தெருவில் போடமாட்டார், சுருட்டி மறைத்துவைப்பார். பிறகு வாசலில் நின்று, “வாங்க மச்சான், பாருங்க. யாராவது இருக்காங்களா?” என்பார்.

“இல்லை” என்று காவலர் சொல்ல வேண்டும். சொல்வார். சொன்னபின் இருட்டும் வரை வெற்று அறையில் நிற்க வேண்டும். நிற்பார். அறுபத்துமூன்று வயதில் ஒரு முறை மயங்கி விழுந்தார். மெக்கானிக் தண்ணீர் தெளித்து எழுப்பி, சுவரோரம் சாய்த்து, மீண்டும் நிறுத்தினார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தட்டிக் கேட்டதற்கு மெக்கானிக், “இங்கே யாருமே இல்லையே, நீங்க யாருக்காகப் பேசறீங்க?” என்றார். அந்த அண்டை வீட்டுக்காரர் பிறகு கேட்கவில்லை. காவலரும் ஒருமுறைகூட மறுக்கவில்லை. வேறு எங்காவது போய்விடவும் இல்லை.

2016 டிசம்பரில் மெக்கானிக் நுரையீரல் நோயால் இறந்தார். மருத்துவமனைப் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் காவலர் மையால் கையெழுத்திட்டார். அதன்பின் அந்த அறையில் அவரைக் கேட்க எவரும் இல்லை.

2017 பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அவர் தம் கட்டிலைத் தாமே இழுத்துத் தெருவில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைத் திறந்துவைத்து நின்றார்.